தொழிற்பேட்டைக்குள் ஆறு பட்மின்டன் கோர்ட்

2023 பெப்ரவரியில் இரண்டு கிழமை நான் கார் எண்ணினேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு தொழிற்பேட்டை. என் பழைய கொரோலாவை ஓரமாக நிறுத்தி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அரை மணிக்கு ஒருதடவை இறங்கி நடந்து, எத்தனை தரிப்பிடம் நிரம்பியிருக்கிறது என்று கொப்பியில் குறிப்பேன். மாலை நாலு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை. மூன்றாம் நாள், பக்கத்து மெஷின் ஷொப் முதலாளி வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினார். பொலிசா, இன்சூரன்ஸ்காரனா என்று கேட்டார். "இல்லை, பட்மின்டன்" என்றேன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கொப்பிதான் அங்கே பட்மின்டன் கழகம் திறக்க எங்களுக்கு அனுமதி வாங்கித் தந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

கதை 2022 தொடக்கத்தில் ஆரம்பித்தது. நாங்கள் ஏழு குடும்பம், வெள்ளியும் ஞாயிறும் ஒரு பள்ளிக்கூட ஜிம்மை வாடகைக்கு எடுத்து விளையாடிக்கொண்டிருந்தோம். பரீட்சை என்றால் ஜிம் இல்லை, நாடகம் என்றால் ஜிம் இல்லை, கோடை விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். "மச்சான், சொந்தமா ஒரு இடம் எடுத்தால் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கணக்காளர். நான் ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன். கட்டிடம், சட்டம் இரண்டும் எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஏன் தொழிற்பேட்டை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சுற்றிவர இடம் விட்டால், ஆறு கோர்ட்டுக்கும் வாசலுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் சதுர அடி வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை உயரம். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 12 மீட்டர் கேட்பார்கள். எங்களைப் போன்ற கழகம் ஏழு மீட்டருக்கு மேல் தடையில்லாமல் இருந்தால் சமாளிக்கலாம். கடைத்தெருவில் அந்த உயரம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டாது. பண்டகசாலைக் கட்டிடங்களில்தான் உண்டு. அங்கேயும் கூரையை அளந்து ஏமாறாதீர்கள். தொங்கும் ஹீற்றர், ஸ்பிரிங்க்ளர் குழாய், கேபிள் தட்டு இவற்றில் எது ஆகக் கீழே நிற்கிறதோ, அதுதான் உங்கள் உயரம். தூணையும் பாருங்கள். நாற்பது அடிக்கு ஒரு தூண் என்றால் அது 12.2 மீட்டர், கோர்ட்டின் நீளத்துக்கே போதாது. இப்படி ஏழு கட்டிடங்களை அளவு நாடாவோடு அலைந்து கழித்தோம்.

பிறகு மாநகரசபைக்குப் போன் எடுத்தோம். "தொழிற்பேட்டையில் பட்மின்டன் கிளப் போடலாமா?" என்று கேட்டேன். "போட முடியாது" என்றார் அந்தப் பக்கத்தில் இருந்த பெண். நாற்பது வினாடியில் பேச்சு முடிந்தது. மூன்று மாதம் அந்தப் பதிலை நம்பி சும்மா இருந்தோம்.

கேட்ட விதம் பிழை. சோனிங் என்பது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று மாநகரசபை எழுதிவைத்திருக்கும் விதி. அதில் பட்மின்டன் என்ற சொல்லே இராது. பொழுதுபோக்கு நிலையம், ஒன்றுகூடும் இடம், வணிகப் பாடசாலை, உடற்பயிற்சி நிலையம் என்று வரைவிலக்கணங்கள்தான் இருக்கும். ஒரே ஆறு கோர்ட்டை எப்படி விவரிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது இதில் ஏதோ ஒன்றுக்குள் விழும். ஒன்றுக்கு அனுமதி இருக்கும், மற்றதுக்கு இராது, இன்னொன்றுக்கு நிபந்தனையோடு இருக்கும். ஆகவே முதலில் அந்த விதிப் புத்தகத்தின் வரைவிலக்கணப் பகுதியை வாசியுங்கள். பெரும்பாலான மாநகரசபைகள் இணையத்தில் போட்டிருக்கின்றன, சலிப்பான வாசிப்புத்தான். வாசித்த பிறகு, "இந்த முகவரி எந்த சோனில் இருக்கிறது, இந்த வரைவிலக்கணத்துக்குள் வரும் பயன்பாடு அங்கே உண்டா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் வாய்ப்பதில்தான் வரும், நாளைக்கு அதைக் காட்ட முடியாது.

அதற்குள் முதல் கட்டிடத்தைப் பிடித்து, அதை இழந்தும் விட்டோம்.

அருமையான இடம். தூணே இல்லை, 26 அடி உயரம். முற்பணம் கட்டினோம். வாடகை ஒப்பந்தத்தில் அனுமதி கிடைத்தால்தான் பொறுப்பு என்ற நிபந்தனையும் போட்டோம், ஆனால் முப்பது நாளுக்கு. முப்பது நாளில் மாநகரசபையிடம் பதில் வாங்கப் பார்த்த எங்கள் வெகுளித்தனத்தை என்ன சொல்ல! அந்த முப்பது நாளுக்குள் கட்டிட விதிகள் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் எங்கள் யூனிட்டைப் பார்க்கவேயில்லை. நேரே அடுத்த கதவுக்குப் போய் மூக்கை உறிஞ்சினார். உள்ளே தளபாடங்களுக்கு வர்ணம் விசிறுகிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டிட விதியில் அப்படியான வேலை எஃப்-1, அதாவது அதிக தீ ஆபத்துள்ள தொழில் என்ற வகைக்குள் வரக்கூடும். ஆட்கள் கூடும் இடம் ஏ வகை. இந்த இரண்டும் ஒரே கட்டிடத்துக்குள் இருக்கவே முடியாது. சோனிங் அனுமதி கிடைத்திருந்தாலும் பயனில்லை. "அண்ணை, விட்டிட்டு வாங்கோ" என்றார். அவர் எங்கள் ஊர்ப் பையன்தான், ஆனால் பில்லில் ஒரு சதம் குறைக்கவில்லை. விலகியபோது முற்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது, ஏனென்றால் முப்பது நாள் முடிந்து நாலு நாளாகியிருந்தது.

எனவே உங்கள் யூனிட்டைப் பார்க்க முன்னர் சுற்றியுள்ள யூனிட்டுகளைப் பாருங்கள். நான் இன்றைக்கும் புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது கட்டிடம் 2022 இலையுதிர் காலத்தில் அகப்பட்டது. இம்முறை ஒப்பந்தத்தில் நிபந்தனைக் காலம் 180 நாள், தேவைப்பட்டால் இன்னொரு 60 நாள். உரிமையாளர் விண்ணப்பத்துக்குக் கையெழுத்திட ஒப்புக்கொள்கிறார் என்று ஒரு வரியும் சேர்த்தோம். விண்ணப்பிப்பது நிலத்தின் உரிமையாளர், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர். வாடகைக்காரர் தன்பாட்டில் போய் நிற்க முடியாது. கட்டிடம் கொண்டோ வகை, அதாவது ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் என்றால் கொண்டோ நிர்வாகத்தின் சாசனத்திலும் தடை உண்டா என்று பார்க்கவேண்டும். மாநகரசபை ஓம் என்றாலும் அந்தச் சாசனம் இல்லை என்றால் இல்லைதான்.

அங்கே அந்த சோனில் பொழுதுபோக்கு நிலையத்துக்கு அனுமதி இருக்கவில்லை. ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டத்தில் மூன்று வழி தெரிந்தது. ஒன்று, 34ஆம் பிரிவின் கீழ் சோனிங்கையே திருத்தக் கேட்பது. 120 மீட்டருக்குள் உள்ள எல்லா உரிமையாளருக்கும் அறிவித்தல், பொதுக்கூட்டம், நகரசபை வாக்கெடுப்பு, கட்டணமோ பல்லாயிரம் டொலர். இரண்டு, 45ஆம் பிரிவின் கீழ் மைனர் வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து சிறு விலக்கு. இது கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற குழுவுக்கு முன்னால் போகும். 60 மீட்டருக்கு அறிவித்தால் போதும், கட்டணம் சில ஆயிரம். மூன்று, 39ஆம் பிரிவின் கீழ் தற்காலிகப் பயன்பாட்டு விதி. அதிகபட்சம் மூன்று ஆண்டு, பிறகு நீடிக்கக் கேட்கலாம்.

கணக்காளர் நண்பர் மூன்றாவதை விரும்பினார், மாநகரசபைக்குப் பயம் குறையும் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மரத்தளமும் விளக்கும் கழிவறையும் போட்டுவிட்டு மூன்று வருடத்தில் நீடிப்பார்களா என்று காத்திருக்க எந்த வங்கியும் கடன் தராது. உங்களிடம் பணம் இருந்து, தளம் சுருட்டிக்கொண்டு போகக்கூடிய பாய் என்றால் அது நல்ல வழியாக இருக்கலாம். நாங்கள் இரண்டாவதை, அந்தச் சிறு விலக்கை, எடுத்தோம்.

விண்ணப்பிக்க முன்னர் திட்டமிடல் அலுவலர் ஒருவரோடு ஆரம்பக் கலந்துரையாடல் கேட்டோம். அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. நாங்கள் பதினாலு பக்கத்தில் ஒரு கோப்பு கொண்டுபோனோம். பிள்ளைகளின் உடல்நலம், இளைஞர் கெட்டுப்போகாமல் இருத்தல், சமூகம், படங்கள். அவர் மரியாதையாகப் புரட்டிவிட்டு மூடிவைத்தார். "விளையாட்டு நல்லதா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நீங்கள் வந்தால் பக்கத்துத் தொழிற்சாலைக்கு என்ன நடக்கும்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் வேலை செய்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். எங்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு நடனப் பள்ளி வந்தபோது நானே புறுபுறுத்தவன். 53 அடி ட்ரெய்லர் பின்னால் எடுக்கும் இடத்தில் அம்மாமார் வானை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டுவார்கள். பிறகு கம்ப்ரசர் சத்தம் என்று முறைப்பாடு. தொழிற்பேட்டைக்கு எங்களால் வரும் ஆபத்து இதுதான். முதலில் ஒரு ஜிம், பிறகு ஒரு டேகெயார், பிறகு சத்தம் மணம் என்று முறைப்பாடு, கடைசியில் தொழிற்சாலை வேறு ஊருக்குப் போகும். இதற்காகவே ஒன்ராறியோவின் சுற்றாடல் அமைச்சு டி-6 என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. தொழிற்சாலைகளை மூன்று வகுப்பாகப் பிரித்து, அவற்றின் தாக்கம் எட்டக்கூடிய தூரத்தை 70, 300, 1000 மீட்டர் என்று வைத்திருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் வீடு, பாடசாலை, டேகெயார் போன்றவை வந்தால் ஆய்வு கேட்பார்கள். பொழுதுபோக்கு இடம் அந்தப் பட்டியலில் சேருமா என்பது மாநகரசபையின் தீர்மானம்.

கோப்பைத் திரும்ப எழுதினோம். பதினாலு பக்கம் ஆறாகியது. பிள்ளைகளின் உடல்நலம் ஒரே ஒரு வரி.

சிலதை விட்டுக்கொடுத்தோம். கோடைகாலப் பகல் முகாம் நடத்தும் எண்ணம் இருந்தது, காசு அதில்தான் வரும். அதை எடுத்துவிட்டோம், பகலில் சிறு பிள்ளைகளை வைத்திருந்தால் டேகெயார் என்ற சந்தேகம் வரும். அடுத்தது, மண்டபமாக வாடகைக்கு விடமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தோம். இதற்கு எங்கள் குழுவில் பெரிய சண்டை. பிறந்தநாள், சாமத்தியவீடு என்று சனி இரவில் விட்டால் ஒரு மாத வாடகை வந்துவிடும் என்றார் ஒரு அண்ணை. உண்மைதான். இங்கே எங்கள் கோயில்கள், மண்டபங்கள் எத்தனையோ தொழிற்பேட்டைக் கட்டிடங்களில்தான் தொடங்கின. ஆனால் அதனாலேயே அலுவலர்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது: தமிழர் ஜிம் என்று விண்ணப்பித்தால் மூன்றாம் மாதம் அங்கே மணவறை நிற்கும் என்று. எங்கள் திட்டமிடல் அலுவலர் அப்படிச் சொல்லவில்லை. "துணைப் பயன்பாடு ஏதும் உண்டா?" என்று இரண்டு தடவை கேட்டார், எனக்கு விளங்கியது.

இனி பார்க்கிங். எங்கள் மாநகரசபையின் விதிப்படி பொழுதுபோக்கு நிலையத்துக்குத் தொழிற்சாலையைவிடப் பல மடங்கு தரிப்பிடம் வேண்டும். கட்டிடம் முழுவதற்கும் இருந்ததே 62 இடம்தான். விதியைக் கடுமையாகப் பார்த்தால் எங்களுக்கு மட்டும் அதில் பெரும்பாதி போய்விடும். ஆகவே விலக்கு இரண்டு கேட்டோம், பயன்பாட்டுக்கு ஒன்று, பார்க்கிங்குக்கு ஒன்று.

எங்கள் வாதம் எளிது. தொழிற்சாலை காலை ஏழுக்குத் தொடங்கி நாலுக்கு வீட்டுக்குப் போகிறது. எங்கள் ஆட்கள் வேலை முடிந்து ஐந்தரைக்குத்தான் வருவார்கள். ஆனால் வாதம் போதாது, எண்ணிக் காட்டு என்றார்கள். போக்குவரத்துப் பொறியியலாளர் ஒருவரை அமர்த்தவேண்டியிருந்தது, அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை செல்லாது. நாளுக்கு இவ்வளவு என்று அவர் காசு கேட்டார். ஐந்து நாளை அவர் ஆட்கள் எண்ணட்டும், மற்ற நாளை நாங்கள் எண்ணி இணைப்பாகக் கொடுக்கிறோம் என்று பேசிமுடித்தோம். அப்படித்தான் நான் கொரோலாவில் உட்கார்ந்தது. எனக்குக் காலை ஆறு முதல் இரண்டரை வரை வேலை. அது முடிந்து நேரே அங்கே. சனிக்கிழமைகளில் மனைவி எண்ணினாள். அவளுடைய எழுத்து என்னுடையதைவிட வடிவு, அறிக்கையில் அதைத்தான் முன்னுக்கு வைத்தோம்.

எண்ணியதில் தெரிந்தது நாங்கள் நினைத்ததற்குக் கொஞ்சம் வித்தியாசம். நாலு மணிக்கு முற்றம் காலியாகவில்லை, மெஷின் ஷொப்புக்கு இரண்டாம் ஷிப்ட் இருந்தது. ஐந்தே முக்காலுக்குப் பிறகுதான் இருபதுக்குக் கீழே இறங்கியது. ஆகவே கிழமை நாட்களில் ஆறு மணிக்கு முன்னர் இரண்டு கோர்ட்டுக்கு மேல் திறப்பதில்லை என்று நாங்களே நிபந்தனை வைத்தோம். இன்னொன்றும் பிடிபட்டது. ஆறு கோர்ட்டில் நாலு நாலு பேர் என்றால் 24 பேர்தான். ஆனால் மணி அடித்ததும் விளையாடியவர் போகமுன் அடுத்தவர் வந்துவிடுவதால் கால் மணி நேரத்துக்கு 48 பேர் நிற்பார்கள். மூன்று கோர்ட்டை முழு மணிக்கும் மற்ற மூன்றை அரை மணிக்கும் தொடங்கினால் அந்த நெரிசல் 36 ஆகிவிடும். ஒரு சதம் செலவில்லை. பொறியியலாளருக்கே அது பிடித்துப்போய் அறிக்கையில் தனிப் பந்தி எழுதினார்.

2022 நவம்பரில் வந்த பில் 23 என்ற ஒன்ராறியோச் சட்டத்தின் பிறகு, மைனர் வேரியன்ஸ் தீர்ப்பை அக்கம்பக்கத்தார் மேன்முறையீடு செய்யமுடியாது. "பிறகு ஏன் அவர்களிடம் போகவேண்டும்?" என்று நண்பர் கேட்டார். நான் போனேன். மேன்முறையீடு செய்ய முடியாதவருக்கும் விசாரணையில் பேச வாய் இருக்கிறது. அதோடு நாளைக்கு ஒரே முற்றத்தில் பனி வழிக்கப் போகிறவர்கள் நாங்கள். எட்டு யூனிட்டுக்கும் ஏறி இறங்கினேன். கடிதம் நீட்டவில்லை, மனை வரைபடத்தை விரித்து லொறி வரும் வழியைக் கீறிக் காட்டச் சொன்னேன். ஆறு பேர் கீறினார்கள். மெஷின் ஷொப் முதலாளி பேனையை வாங்கி, வடக்கு மூலையில் ஒரு பெரிய வட்டம் போட்டார். "இதுக்குள் ஒரு கார் நின்றாலும் என் ஸ்டீல் லொறி திரும்பாது" என்றார். அந்த வட்டத்தை அப்படியே வரைபடத்தில் நிறுத்தத் தடை என்று போட்டு விண்ணப்பத்தோடு கொடுத்தோம்.

மே மாதம் விசாரணை. ஸூமில்தான். காலை ஒன்பதரைக்குத் தொடங்கியது, எங்கள் முறை பன்னிரண்டே காலுக்கு. அதுவரை யாரோ வேலி உயரம், யாரோ பின்வீட்டு டெக். நாலு கேள்விக்கு அந்தக் குழு பதில் தேடுகிறது: நகரின் நீண்டகாலத் திட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துமா, சோனிங் விதியின் நோக்கத்துக்குப் பொருந்துமா, அந்த இடத்துக்கு ஏற்ற விருத்தியா, விலக்கு சிறியதா. எங்கள் திட்டமிடல் ஆலோசகர் அந்த நாலையும் ஒழுங்காகச் சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்தார். எதிர்ப்பு ஒன்று வந்தது, பின்பக்கத்துக் கட்டிட உரிமையாளரிடமிருந்து. அவரை மட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை, வேறு தெரு என்று விட்டுவிட்டேன். அவருடைய கவலை லொறி அல்ல, இரவில் இளைஞர் முற்றத்தில் நின்று சத்தம் போடுவார்கள் என்பது. ஒரு குழு உறுப்பினர் கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொன்று என்றேன். பத்தரை ஆக்கலாமா என்றார். ஓம் என்றேன். பக்கத்தில் இருந்த ஆலோசகர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார், நண்பரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். அந்த அரை மணி எங்களுக்குக் கிழமைக்கு எத்தனை புக்கிங் என்று அவர் இன்றைக்கும் கணக்குக் காட்டுவார். ஆனால் நிபந்தனையோடு அன்றைக்கே அனுமதி. மேன்முறையீட்டுக்கான இருபது நாளும் அமைதியாகக் கழிந்தது.

பார்ட்டி வைத்தோம். வைத்திருக்கக்கூடாது. சோனிங் முடிந்தால் பாதிதான் முடிந்தது. எஃப்-2 தொழிற்கட்டிடத்தை ஏ-2 ஆட்கள் கூடும் இடமாக மாற்றக் கட்டிட அனுமதி வேண்டும், ஒரு சுவரையும் தொடாவிட்டாலும் வேண்டும். இருந்த ஒரு கழிவறை பல ஆகியது, சக்கர நாற்காலி போகும் அளவில் ஒன்று. வெளியேறும் கதவு ஒன்று கூடியது, அடுத்த யூனிட்டுக்கு இடையேயான சுவர் தீ தாங்கும் அளவுக்கு உயர்த்தப்பட்டது. எட்டு மாதம் போனது. சோனிங்குக்கு நாங்கள் ஒதுக்கிய பணம் சரியாக இருந்தது, இதற்கு ஒதுக்கியது பாதிதான். அந்த எட்டு மாதத்தில் நாலு மாதத்துக்கு வாடகை வேறு கட்டினோம். வாடகை தொடங்கும் நாளை சோனிங் அனுமதியோடு பிணைக்காமல் கட்டிட அனுமதியோடு பிணைத்திருக்க வேண்டும். எங்கள் ஆகப் பெரிய பிழை அது.

2024 மார்ச்சில் திறந்தோம். இப்போது தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: பில் 97 என்ற சட்டத்தின்படி 2024 ஒக்டோபர் 20இலிருந்து ஒன்ராறியோவில் வேலைவாய்ப்புப் பகுதி, அதாவது தொழிலுக்கென்று ஒதுக்கிவைத்த நிலம், என்பதன் வரைவிலக்கணமே சுருங்கிவிட்டது. உற்பத்தி, அதோடு சேர்ந்த ஆராய்ச்சி, பண்டகசாலை, இவற்றுக்குத் துணையானவை என்று. வணிகப் பயன்பாடு அதற்கு வெளியே. எனவே எங்கள் அனுமதியைக் காட்டி உங்களுக்கும் தா என்று கேட்டால் எடுபடாமல் போகலாம். கட்டிடம் தேடமுன் உங்கள் மாநகரசபையின் நீண்டகாலத் திட்டத்தில் அந்தத் தெரு இன்னும் வேலைவாய்ப்புப் பகுதியா என்று பாருங்கள். தொழிற்பேட்டையின் ஓரத்தில், பெருந்தெருவைப் பார்த்தபடி நிற்கும் கட்டிடங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். நடுவில் இருப்பதை நான் இன்றைக்குத் தொடமாட்டேன்.

போன மாதம் கட்டிட உரிமையாளர் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். 60 மீட்டருக்குள் இருப்பதால் அவருக்கு வந்த அறிவித்தல். மூன்றாம் யூனிட்டில் பிள்ளைகள் குதித்து விளையாடும் ட்ரம்பொலின் நிலையம் போடக் கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தை இணையத்தில் எடுத்து, நேரே பார்க்கிங் பக்கத்துக்குப் போனேன். சனிக்கிழமை எண்ணவேயில்லை. வடக்கு மூலையில் அந்த வட்டமும் இல்லை. அடுத்த நாள் வேலை முடிந்து போனபோது மெஷின் ஷொப் முதலாளி வாசலில் நின்றார், அவர் கையிலும் அதே கடிதம்.